கரன்ட் பில்லை வைத்து நிகழ்வெண் பட்டியல்

நிகழ்வெண் பட்டியல் என்றால், எண்களைப் பிரிவுகளாகப் பிரித்து, எந்தப் பிரிவில் எத்தனை வருகிறது என்று காட்டும் பட்டியல். பெங்களூரு அல்சூரில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைக் கரன்ட் பில்லை வைத்துத்தான் நடத்துவேன். 50 மாணவர்களின் மதிப்பெண் என்றால் கொட்டாவி விடுவார்கள். கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் யார் வீட்டுக்கு இலவசம் என்றால் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

24 வீடுகளின் ஒரு மாத யூனிட் இது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

112, 87, 143, 200, 168, 64, 195, 231, 156, 121, 178, 98, 204, 137, 189, 252, 74, 160, 145, 183, 118, 219, 171, 132

பெரியது 252, சிறியது 64. வித்தியாசம் 188, இதுதான் வீச்சு. ஐந்தாறு பிரிவு போதும். 188-ஐ 5-ஆல் வகுத்தால் 37.6 வரும், முழுசாக 40 என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, எங்கே தொடங்குவது? அவசரப்படக் கூடாத இடம் இதுதான். 160–200, 200–240 என்று பிரித்தால், வழக்கப்படி 200 அடுத்த பிரிவுக்குப் போய்விடும். ஆனால் சலுகை 200 யூனிட் வரை உண்டு. 201 ஆனால்தான் முழு பில்லையும் கட்ட வேண்டும். அதாவது, சலுகைக்குள் இருக்கும் ஒரு வீட்டை நம் பட்டியல் வெளியே தள்ளிவிடும். யூனிட் முழு எண்ணாகவே வருவதால் 41-இல் தொடங்குங்கள், 200 சரியான பக்கம் நிற்கும்.

அப்புறம் கோடு போடுவது. ஒவ்வொரு பிரிவுக்கும் எண்களைத் தேடி அலையாதீர்கள், ஏதாவது ஒன்று விட்டுப்போகும். முதல் எண்ணிலிருந்து வரிசையாக வாருங்கள்: 112-ஐ அடித்துவிட்டு 81–120-க்கு எதிரே ஒரு கோடு, 87-க்கு இன்னொன்று. நான்கு கோடு ஆனதும் ஐந்தாவதைக் குறுக்கே போடுங்கள்.

41–80: 2
81–120: 4
121–160: 7
161–200: 7
201–240: 3
241–280: 1

கூட்டினால் 24 வர வேண்டும், வருகிறது. முழு பில் கட்டும் வீடுகள் 4 என்பது பார்த்தவுடனே தெரிகிறது. 195-இலும் 200-இலும் விளிம்பில் நிற்கும் வீடுகள் மட்டும் இதில் தெரியாது.

சராசரி கேட்டால் ஒவ்வொரு பிரிவின் நடுமதிப்பையும் (60.5, 100.5 என்று போகும்) நிகழ்வெண்ணால் பெருக்கிக் கூட்டி, 24-ஆல் வகுங்கள். 153.8 வரும். அசல் எண்களைக் கூட்டி வகுத்தால் 155.7. பரீட்சையில் முதல் விடைக்குத்தான் மார்க்; வீட்டுக் கணக்குக்கு அசல் எண்களையே எடுங்கள்.