பலாக்கட்டையின் வெடிப்பைக் கணினியில் ஓட்டிப் பார்க்க

தஞ்சாவூரில் எங்கள் தெருவில் ஒரு வீணைப் பட்டறை இருக்கிறது. வீணையின் குடம் குடையக் காயப்போட்ட பலாக்கட்டை ஒன்று போன கோடையில் வெடித்தது. ஆசாரி விரலால் தடவிக் காட்டி, "இது ரேகையோடதான் ஓடும் தம்பி, குறுக்கே போகாது" என்றார். ரேகை என்றால் மர நார் ஓடும் வாக்கு. கட்டையைச் சிறு சிறு துண்டுகளாக (எலிமெண்டுகளாக)ப் பிரித்துக் கணக்கிடும் நம் கணினி மாடலிலும் வெடிப்பு அப்படித்தான் ஓட வேண்டும்.

முதல் வேலை திசை. நாரோடு ஒன்று, நடுவிலிருந்து பட்டை நோக்கி ஒன்று, வளையத்தை ஒட்டி ஒன்று என மரத்துக்கு மூன்று திசை. மீள்தன்மைக்கு, அதாவது விசையை எடுத்ததும் பழைய வடிவுக்குத் திரும்பும் தன்மைக்கு, ஒன்பது எண்கள். வளையம் வளைவதால் ஒவ்வொரு எலிமெண்டுக்கும் திசை மாறும். கட்டையின் வெட்டுமுகத்தைப் படமெடுத்து, வளையங்களின் மையத்தைக் குறித்து, அங்கிருந்து உருளை அச்சு (மையத்திலிருந்து வெளியே, மையத்தைச் சுற்றி, நீளவாக்கில் என அளக்கும் அச்சுகள்) கொடுங்கள். நான் முதல் தடவை மென்பொருளின் எக்ஸ் அச்சையே நார்த்திசையாக விட்டுவிட்டேன். வெடிப்பு நாரை அறுத்துக்கொண்டு போனது. தப்பைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

சரி, வெடிப்பின் நுனிக்கு வருவோம். மீள்தன்மைக் கணக்கில் நுனியை நெருங்க நெருங்கத் தகைவு (ஒரு பரப்பலகில் விழும் விசை) எல்லையில்லாமல் ஏறும். மெஷ்ஷை, அதாவது எலிமெண்டுகளின் வலையை, பாதி அளவுக்குச் சிறிதாக்கினால் நுனித் தகைவு ஏறத்தாழ 1.4 மடங்காகும். அந்த எண்ணை மரத்தின் வலிமையோடு ஒப்பிட்டு 'உடைந்தது' என்று சொல்லவே கூடாது. அதனால் ரேகைத் தளத்தில் கோஹெசிவ் எலிமெண்டுகளை, அதாவது இரு முகங்களைப் பசைபோல் பிடித்திருந்து மெல்ல விட்டுவிடும் எலிமெண்டுகளை, வையுங்கள். வலிமை வரை இழுவிசை ஏறும், அப்புறம் திறக்கத் திறக்கத் தளரும். அந்த வளைகோட்டின் கீழுள்ள பரப்புதான் முறிவு ஆற்றல். அதை அளக்க, சிறு சட்டத்தை ரேகையோடு வாளால் பிளந்து பிளந்த இரு கிளைகளையும் எதிரெதிரே இழுக்கும் சோதனை போதும். வெடிப்பின் இரு முகங்களும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் விதத்துக்கு ஆற்றல் பொதுவாக அதிகம், தனியாகக் கொடுங்கள்.

சேதம் பரவும் நீளம் தோராயமாக மீள்தன்மைக் குணகம் × முறிவு ஆற்றல் ÷ வலிமையின் வர்க்கம். உதாரணத்துக்கு, ரேகைக்குக் குறுக்கே குணகம் 1000 நியூட்டன்/மி.மீ², ஆற்றல் 0.2 நியூட்டன்/மி.மீ, வலிமை 4 நியூட்டன்/மி.மீ² என்றால் 12.5 மி.மீ. வரும். அதற்குள் ஐந்து எலிமெண்டாவது விழ வேண்டும், 2.5 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள்.

சுமையாக உலர்தலைக் கொடுங்கள். வளையத்தை ஒட்டிய சுருக்கம் ஆரத்திசையைவிடச் சுமார் இரு மடங்கு, நாரோடு மிகக் குறைவு. வெடிப்புக்கு இந்த வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம். கணக்கு பாதியில் நின்றுவிட்டால், ஒவ்வொரு தடவையும் சுமையை ஏற்றும் படியைச் சிறிதாக்குங்கள்.

கட்டையில் வெடிப்பு நிற்கும் இடத்தில் வாரம் ஒரு பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மாடலின் நுனியை அந்தக் கோடுகளோடு வைத்துப் பாருங்கள்.