துர்கானா குரங்குப் புதைபடிவத்துக்கு வயது கணிப்பது எப்படி: மெம்பர் பெயரிலிருந்து ஆண்டுக்கணக்கு வரை

தெரோபிதேகஸ் ஆஸ்வால்டி, அழிந்துபோன பெரிய புல்தின்னிக் குரங்கு. எத்தியோப்பிய மலைகளில் இன்றும் மேயும் ஜெலாடாவின் நெருங்கிய சொந்தம். உடம்பில் அதைவிட மிகப் பெரியது. 1916-இல் கென்யாவின் கன்ஜேரா எச்சங்களை வைத்து இதற்குப் பெயரிட்டார்கள். துர்கானா ஏரியின் கிழக்குக் கரையில், கூபி ஃபோராவில், இதன் பற்களும் தாடைகளும் நிறையக் கிடைத்திருக்கின்றன.

எலும்பை நேரடியாகச் சோதித்து இதற்கு வயது சொல்ல முடியாது. கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டோடு நின்றுவிடும். மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளுக்குத்தான் வயது தெரியும். நடுவில் இருப்பதை நாம் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியான தரவை வைத்து மேசையில் உட்கார்ந்தே இதைச் செய்யலாம்.

தேவையானவை: மாதிரியின் பட்டியல் விவரம், அந்தப் பகுதியின் அடுக்கு வரைபடம், கிராஃப் தாள், கால்குலேட்டர். அடுக்கு வரைய மென்பொருள் உண்டு. முதல் பத்துப் படத்தையாவது கையால் போடுங்கள், 1 செ.மீ.க்கு 5 மீட்டர் என்ற அளவு போதும். மென்பொருள் எல்லா எல்லையையும் நேர்கோடாக, சுத்தமாகப் போட்டுவிடும். எது உறுதி, எது ஊகம் என்பது படத்தில் தெரியாமல் போகும்.

படி 1: எண்ணைப் படிப்பது

கே.என்.எம்.-இ.ஆர். என்று தொடங்கினால் கென்யா தேசிய அருங்காட்சியகம், கிழக்கு ருடால்ஃப். துர்கானா ஏரியின் பழைய பெயர்தான் ருடால்ஃப். டபிள்யூ.டி. என்றால் மேற்குக் கரை; அங்கே பாறைத் தொகுதி நாச்சுகுயி, கூபி ஃபோரா இல்லை. எண்ணோடு ஏரியா எண்ணையும் (கிடைத்த களப்பகுதியின் எண்) மெம்பர் பெயரையும் (பாறைத் தொகுதியின் உட்பிரிவு) குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: மெம்பர் பெயரைச் சரியாகப் புரிந்துகொள்வது

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கூபி ஃபோரா ஃபார்மேஷனின் (பாறைத் தொகுதியின்) எட்டு மெம்பர்கள் அடியிலிருந்து மேலே இப்படி: லோன்யுமுன், மொய்ட்டி, லோகோச்சோட், துலு போர், புர்கி, கே.பி.எஸ்., ஒகோட்டே, சாரி. சாம்பல் அடுக்கின் பெயர் ஒரு மெம்பருக்கு இருந்தால் அந்தச் சாம்பல் அதன் அடியில் கிடக்கிறது என்று பொருள். கே.பி.எஸ். மெம்பர் கே.பி.எஸ். சாம்பலில் தொடங்கி ஒகோட்டே சாம்பலின் அடிவரை போகும்.

ஆகவே ‘கே.பி.எஸ். மெம்பர்’ என்ற சீட்டைப் பார்த்ததும் 18.7 லட்சம் ஆண்டு என்று எழுதிவிடக் கூடாது. அது அந்த மெம்பரின் மிகப் பழைய முனை. நீங்கள் வயது கணிக்கும் புதைபடிவப் பல் அதைவிட இளையது. எவ்வளவு இளையது என்பதுதான் கேள்வி.

கைவசம் வைத்துக்கொள்ள வேண்டிய வயதுகள்: துலு போர் 34.4 லட்சம் ஆண்டு, கே.பி.எஸ். 18.7, ஒகோட்டே சுமார் 15.6, சாரி 13.8. பெரும்பாலும் ஆர்கான் முறையில் (எரிமலைப் படிகத்துக்குள் காலப்போக்கில் சேரும் ஆர்கான் வாயுவை அளப்பது) வந்தவை.

பழைய கட்டுரைகளில் கீழ் மெம்பர், மேல் மெம்பர் என்று இரண்டே பெயர்கள் வரும். அவற்றின் எல்லை கே.பி.எஸ். சாம்பல். இப்போதைய பிரிவு 1986-இல் வந்தது. அதற்கு முந்தைய கட்டுரையென்றால் முதலில் பெயரை மாற்றிக்கொண்டு பிறகு கணக்குக்குப் போங்கள்.

படி 3: மேற்பரப்பில் கிடைத்ததா, அடுக்கிலேயே இருந்ததா

துர்கானாவில் பெரும்பாலானவை சரிவில் உதிர்ந்து கிடப்பவை. உதிர்ந்தது கீழே உருளும், மேலே ஏறாது. அதனால் கிடந்த இடம் கீழ் எல்லை. அதற்கு மேலே சரிவில் எட்டிப்பார்க்கும் எந்த அடுக்கிலிருந்தும் அது வந்திருக்கலாம். ஒற்றை உயரத்தைக் குறிக்காமல் கீழ்–மேல் என இரண்டு உயரங்களைக் குறியுங்கள்.

இந்த வரம்பைக் குறுக்க நல்ல வழி பல்லிலேயே இருக்கிறது. தெரோபிதேகஸ் கடைவாய்ப்பல் உயரமானது. எனாமல் ஆழமாக மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள் மண் இறுகி ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல கைலென்ஸில் பாருங்கள்: பருமணல் என்றால் ஆற்றுப் படுகை, வழவழப்பான களி என்றால் வெள்ளச் சமவெளி அல்லது ஏரி. சரிவில் மணல் அடுக்கு ஒன்றுதான் இருந்தால் அதோடு வேலை முடிந்தது. சுத்தம் செய்கிறேன் என்று இந்த மண்ணை முழுக்கச் சுரண்டிவிட்டால் சாட்சியும் போய்விடும்.

படி 4: உயரத்தை அளப்பது

களத்தில் அளப்பவர்களுக்கு: 1.5 மீட்டர் ஜேக்கப் கோலும் (அடுக்குத் தடிமனை அளக்கும் கோல்) சாய்வுமானியும் போதும். ஜி.பி.எஸ். உயரத்தை நம்பாதீர்கள். அதில் 5 மீட்டர் பிழை சாதாரணம். அது எத்தனை ஆண்டு என்பதை அடுத்த படியில் பாருங்கள்.

அடுக்குகள் சாய்ந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 5 பாகை சாய்வில், சமதரையில் சாய்வுத் திசையிலேயே 100 மீட்டர் நடந்தால் 8.7 மீட்டர் தடிமனைக் கடந்துவிடுவீர்கள். தரை மட்டமாக இருப்பதால் ஒரே அடுக்கில் நிற்பதாகத் தோன்றும்.

படி 5: கணக்கு

உதாரணத்துக்கு, ஓரிடத்தில் கே.பி.எஸ். சாம்பலுக்கும் ஒகோட்டேக்கும் நடுவில் 62 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பல் வந்த இடம் கே.பி.எஸ்.ஸுக்கு மேலே 14 முதல் 26 மீட்டருக்குள்.

கால இடைவெளி: 18.7 − 15.6 = 3.1 லட்சம் ஆண்டு.
ஒரு மீட்டருக்கு: 3,10,000 ÷ 62 = 5,000 ஆண்டு.
நடு உயரம் 20 மீட்டர்: 1,00,000 ஆண்டு. வயது 17.7 லட்சம்.
வரம்பு: 14 மீட்டரில் 18.0 லட்சம், 26 மீட்டரில் 17.4 லட்சம்.

மேலே சொன்ன ஜி.பி.எஸ். பிழை 25,000 ஆண்டு. சாய்வை விட்டுவிட்டால் 43,500 ஆண்டு. கே.பி.எஸ். வயதிலேயே சுமார் 20,000 ஆண்டு முன்பின் இருக்கிறது. ஆகவே ‘17,70,000’ என்று எழுதாமல் 17.4–18.0 லட்சம் என்று எழுதுங்கள்.

வண்டல் ஒரே சீராகப் படிந்தது என்ற அனுமானத்தில் நிற்கிறது இந்தக் கணக்கு. உண்மையில் ஒரு வெள்ளம் ஒரே நாளில் அரை மீட்டர் மணலைக் கொட்டும். அதன் மேல் மண் உருவாகிச் சுண்ணாம்பு முடிச்சு கட்டப் பல ஆயிரம் ஆண்டு ஆகும். அடுக்கு வரைபடத்தில் சுண்ணாம்பு முடிச்சுகள் குறித்திருந்தால் அங்கே காலம் நின்றிருக்கிறது என்று கொள்ளுங்கள். நடுவில் வயது தெரிந்த இன்னொரு சாம்பல் இருந்தால் 62 மீட்டரையும் ஒன்றாகக் கணக்கிடாமல் அங்கே வெட்டி இரண்டாகக் கணக்கிடுங்கள்.

படி 6: காந்தத்தால் சரிபார்ப்பது

சுமார் 19.5 முதல் 17.8 லட்சம் ஆண்டு வரை பூமியின் காந்தப்புலம் இன்றுள்ள திசையில் இருந்தது. அந்தக் காலத்தின் பெயர் ஓல்டுவாய். அதற்குப் பின் தலைகீழ். நம் வரம்பு இந்த எல்லையின் இரு பக்கமும் விழுகிறது. பல் வந்த அடுக்கின் காந்தத் திசை வெளியாகியிருந்தால் ஒரு பக்கத்தை வெட்டிவிடலாம்.

குரங்கை வைத்து வயதைச் சரிபார்க்கும் ஆசை வரும். ஆஸ்வால்டியின் பல் காலப்போக்கில் பெரிதாகிக்கொண்டே போனது உண்மைதான். ஆனால் அந்தப் போக்கே இப்படிப்பட்ட வயதுகளை வைத்துக் கண்டதுதான். பல் பெரியது, அதனால் இளையது என்றால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருவோம். பன்றிப் பற்களை ஒப்பிடுவது மேல். கே.பி.எஸ். சாம்பலுக்கு முதலில் வந்த வயது 26 லட்சம், 1970-இல் வெளியானது. வேறு இடங்களின் பன்றிகளோடு ஒப்பிட்டபோதுதான் அது ஒத்துவரவில்லை. ஆறு அடித்து வந்த சாம்பலில் பழைய பாறையின் துகள்கள் கலந்துவிடும். அதனால் வயது கூடும். இப்போது சாம்பலுக்குள் இருக்கும் நுரைக்கல் கட்டிகளிலிருந்து ஃபெல்ட்ஸ்பார் படிகங்களை எடுத்து ஒவ்வொன்றாக அளக்கிறார்கள்.

பின்சேர்ப்பு: ‘மேல் புர்கி’ என்று போட்டிருக்கிறதே?

பலர் கேட்டது. புர்கி சாம்பலுக்கும் (சுமார் 26 லட்சம்) கே.பி.எஸ்.ஸுக்கும் நடுவில் மேலே சொன்ன கணக்கைப் போடாதீர்கள். அந்த மெம்பரின் நடுவே பெரிய அரிப்பு இடைவெளி இருக்கிறது. ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டுக்கான வண்டலே இல்லை. மேல் புர்கி என்றால் சுமார் 20 முதல் 18.7 லட்சம் என்று வரம்பாகவே விட்டுவிடுங்கள்.

பின்சேர்ப்பு: ஒலோர்கெசைலிக்கும் இதே முறையா?

கணக்கு அதேதான், பெயரிடல் வேறு. நைரோபிக்குத் தென்மேற்கே உள்ள ஒலோர்கெசைலியில் மெம்பர்களுக்கு அடியிலிருந்து மேலே 1 முதல் 14 வரை எண்கள். கைக்கோடரிகளோடு ஆஸ்வால்டி எலும்புகள் குவிந்து கிடந்தது மெம்பர் 7-இல். அங்கே பிளவுப் பள்ளத்தாக்கின் பிளவுகள் அடுக்குகளை வெட்டி மேலும் கீழும் நகர்த்தியிருக்கின்றன. ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு வெள்ளை டயட்டமைட் (நுண்பாசி ஓடுகள் படிந்த மண்) அடுக்குகள் வேறு வேறாக இருக்கலாம். உயரத்தை வைத்துப் பொருத்தாமல், சாம்பலின் கண்ணாடித் துகள்களுக்கு வேதிப் பகுப்பாய்வு வெளியாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிளவைத் தாண்டிக் கணக்கை நீட்டாதீர்கள்.