பன்றித் தீவனத்தில் நொதி: பாக்கெட்டைப் பிரிக்கும் முன் தவிட்டைப் பாருங்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு வெண்பன்றிக் கொட்டிலுக்குப் போன மாதம் போயிருந்தேன். அண்டாவில் ஓட்டல் கழிவும் குருணையும் கொதித்துக்கொண்டிருந்தன. கொட்டில் வைத்திருக்கும் தம்பி ஒரு பாக்கெட்டைப் பிரித்து, கைப்பிடித் தூளை அப்படியே அந்தக் கொதியில் தூவிக் கிளறினார். “என்சைம் அண்ணே, குட்டிங்களுக்குச் செரிமானத்துக்கு” என்றார். அந்தத் தூள் அண்டாவில் விழுந்ததுமே வீணாகிவிட்டது என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

என்சைம் என்கிற நொதி ஒரு புரதம். வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டையாகாது. வெந்த நொதியும் அப்படித்தான். பெல்லட் என்ற குச்சித் தீவனம் தயாரிக்கும்போது ஏறும் 80, 90 டிகிரிச் சூட்டிலேயே மேல்பூச்சு இல்லாத நொதியில் பெரும்பகுதி கெட்டுவிடும். கொதிக்கும் அண்டாவில் என்ன மிஞ்சும்? அதற்காகக் கொதிக்க வைப்பதைக் குறைத்துவிடாதீர்கள். 2020-ல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வடகிழக்கு மாநிலங்களில் கால்வைத்தது. அதற்கு இன்றும் மருந்து இல்லை. கழிவோடு அது கொட்டிலுக்குள் வராமல் இருக்க, ஓட்டல் கழிவை அரைமணி நேரமாவது நன்றாகக் கொதிக்கவிட்டே தீர வேண்டும். நொதியைக் கழிவில் போடாமல், கூடவே கொடுக்கும் உலர் தீவனத்தில் கலப்பதுதான் என் வழக்கம். கழிவில்தான் கலக்க வேண்டும் என்றால், கைவைத்தால் வெதுவெதுப்புக்கூடத் தெரியாத அளவுக்கு ஆறியபிறகு கலக்கவும்.

அடுத்த தவறு, தீவனத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கடைக்காரர் எடுத்துக்கொடுத்த பாக்கெட்டை வாங்குவது. ஒரு நொதி ஒரு பொருளை மட்டுமே உடைக்கும். பீட்டா குளூக்கனேஸ் பார்லித் தீவனத்துக்கானது. டெல்டாவில் யார் பன்றிக்குப் பார்லி போடுகிறார்கள்? நம் தொட்டியில் இருப்பது தவிடு, குருணை, மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, சோயா, உளுந்து அறுப்பு முடிந்தால் உளுந்தம்பொட்டு. இதில் குருணை கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. 20 கிலோவைத் தாண்டிய குட்டி அதைத் தானாகவே செரித்துக்கொள்ளும். தவிட்டின் நாரில் கொஞ்சத்தையாவது அவிழ்க்க சைலனேஸ் உதவும். தவிட்டில் கட்டுண்டிருக்கும் பாஸ்பரசை விடுவிக்க ஃபைட்டேஸ். நம் ஊர்த் தீவனத்தில் போட்ட காசுக்குப் பலன் தருவதில் ஃபைட்டேசைத்தான் நான் முதலில் வைப்பேன்.

காரணம் இருக்கிறது. தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். ஆனால் அதில் ஐந்தில் நான்கு பங்கு ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. பன்றியின் குடலில் அதைத் திறக்கப் போதிய நொதி இல்லை. கோதுமைத் தவிட்டில் இயற்கையாகவே ஃபைட்டேஸ் உண்டு. நெல் தவிட்டிலும் மக்காச்சோளத்திலும் அது மிகக் குறைவு. எனவே தின்ற பாஸ்பரஸ் சாணத்தோடு போய்விட, எலும்புக்காக நாம் டைகால்சியம் பாஸ்பேட்டைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறோம். 1991-ல் நெதர்லாந்தில் ஃபைட்டேஸ் விற்பனைக்கு வந்ததே பன்றிச் சாணத்தின் பாஸ்பரஸ் அங்கே மண்ணையும் நீரையும் கெடுத்ததால்தான். நம் கொட்டில் கழிவும் மழைக்காலத்தில் வாய்க்காலில்தானே இறங்குகிறது? வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் எனக்கு இது சின்ன விஷயமில்லை.

இந்த ஃபைட்டேசை முடக்குவது பெரும்பாலும் நம் கையால் போடும் சுண்ணாம்புச் சத்துதான். தீவனத்தில் கால்சியம் மிஞ்சினால் அது ஃபைட்டேட்டைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடும். நொதிக்கு அது எட்டாது. நாகப்பட்டினத்திலிருந்து வரும் கருவாட்டுத்தூளைப் புரதத்துக்காகச் சேர்க்கிறோம். அதில் மீன் முள்ளின் கால்சியமும் சேர்ந்தே வருகிறது. அதன்மேல் கிளிஞ்சல் தூள் ஒரு கை, தாது உப்புக் கலவை ஒரு கை. நானே மூன்று வருடம் இப்படிப் போட்டு, நொதி கம்பெனியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கால்சியமும் மொத்தப் பாஸ்பரசும் ஒன்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றேகால் என்ற விகிதத்தில் நின்றால் போதும். கணக்கு தெரியாவிட்டால் கருவாட்டுத்தூள் போடும் நாளில் கிளிஞ்சலை நிறுத்துங்கள், அல்லது நாமக்கல்லில் உள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு ஒரு மாதிரி அனுப்புங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்டுப் பார்க்கலாம்.

தவிடே மோசமாக இருந்தால் எந்த நொதியும் காப்பாற்றாது. உமி கலந்த தவிட்டை உள்ளங்கையில் தேய்த்தால் சுருக்கென்று குத்தும். உமியில் இருப்பது மண்ணுக்குச் சமமான சிலிக்காவும் கட்டை நாரும். எண்ணெய் எடுக்காத பச்சைத் தவிடு சில நாளிலேயே காறல் வாடை அடிக்கும், அதையும் நொதி சரிசெய்யாது. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கின் நஞ்சையும் அப்படித்தான். “நொதிதான் போடுறோமே” என்று மட்டமான சரக்கை வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சரி, கலப்பதற்கு வருவோம். கிராமுக்கு 5,000 அலகு வீரியம் உள்ள ஃபைட்டேஸ் என்று வையுங்கள். கிலோ தீவனத்துக்கு 500 அலகு வேண்டுமென்றால் ஒரு டன்னுக்கு 100 கிராம், 100 கிலோவுக்கு வெறும் 10 கிராம். இதைக் கைப்பிடியால் அளக்க முடியாது. சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த 10 கிராமை அரைக்கிலோ மக்காச்சோள மாவில் போட்டு, மூடி உள்ள வாளியில் நன்றாகக் குலுக்குங்கள். அதை ஐந்து கிலோவில் கலந்து, பிறகுதான் தார்ப்பாயில் பரப்பிய மொத்தத் தீவனத்தின் மேல் தூவி மண்வெட்டியால் நான்கு தடவை புரட்ட வேண்டும். நேராகக் கொட்டிப் புரட்டினால் ஒரு குட்டிக்கு எல்லாம் கிடைக்கும், பத்துக் குட்டிக்கு ஒன்றும் கிடைக்காது. இந்தத் தூள் மூச்சில் போனால் ஒவ்வாமை, இளைப்பு வரும். வாயையும் மூக்கையும் மூடிக்கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்த பாக்கெட் ஈரம் இழுத்துக் கட்டி தட்டும். சின்னப் பாக்கெட்டாக வாங்கி, தாது உப்போடு முன்கூட்டிக் கலந்து மாதக்கணக்கில் வைக்காமல், கலக்கும் அன்றைக்கே பிரியுங்கள்.

பணக் கணக்கில் இரண்டு விதமாகத் தவறுகிறோம். ஃபைட்டேஸ் போட்டுவிட்டு டைகால்சியம் பாஸ்பேட்டைக் கொஞ்சமும் குறைக்காமல் இருந்தால் நொதிச் செலவு அப்படியே மேல்செலவு. 500 அலகு ஃபைட்டேஸ் வேலை செய்தால் டன்னுக்கு ஏறத்தாழ 5 கிலோவைக் குறைக்க இடம் உண்டு. எதிர்ப்பக்கம் இதைவிட மோசம். ஃபைட்டேஸ், சைலனேஸ், புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் என்று மூன்றை வாங்கி, ஒவ்வொரு பாக்கெட்டும் குறைக்கச் சொல்லும் மக்காச்சோளத்தையும் சோயாவையும் மொத்தமாகக் கூட்டித் தீவனத்திலிருந்து குறைத்துவிடுவார்கள். மூன்றின் பலனும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை, முழுதாகக் கூட்ட முடியாது. அப்புறம் லைசின் என்ற புரதக் கூறு பற்றாமல் குட்டி முதுகெலும்பு தெரிய நிற்கும், பாஸ்பரஸ் பற்றாமல் பின்னங்காலை இழுக்கும்.

பலன் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டு அறையாகப் பிரித்து, ஓர் அறைக்கு மட்டும் நொதி கொடுங்கள். ஆறு வாரம் தீவனத்தை எடைபோட்டு எழுதுங்கள். குட்டியை நிறுக்கத் தராசு இல்லையென்றால் டேப் போதும்: முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, இரு காதுக்கு நடுவிலிருந்து வாலடி வரை நீளம், இரண்டும் மீட்டரில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69.3 ஆல் பெருக்கினால் தோராய எடை வரும். சுற்றளவும் நீளமும் 0.9 மீட்டர் என்றால் 50 கிலோ சொச்சம். காலைத் தீவனத்துக்கு முன்னால் அளக்க வேண்டும். ஆறு வாரமும் டேப்பைப் பிடிப்பது ஒரே ஆளாக இருக்கட்டும், ஆள் மாறினால் அளவும் மாறும்.