ஹட்டனிலிருந்து பாங்கொக்: இருவர் போய்வர பட்ஜெட் போடும் முறை

வெளிநாட்டுச் சுற்றுலா என்றதும் பெரும்பாலானவர்கள் டிக்கெட் விலையையும் ஹோட்டல் வாடகையையும் கூட்டிப் பார்த்துவிட்டு "இவ்வளவுதான் செலவு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கொழும்பில் இருப்பவர்களுக்கு அது ஓரளவு சரிவரும். மலையகத்தில் இருந்து புறப்படும் நமக்குச் சரிவராது. வீட்டுக் கதவைப் பூட்டியதில் இருந்து திரும்பி வந்து திறக்கும் வரை கையை விட்டுப் போகும் ஒவ்வொரு ரூபாயும் கணக்கில் வர வேண்டும். மாதச் சம்பளத்தில் வாழும் நானும் என் கணவரும் அப்படிக் கணக்குப் போட்டுத்தான் கடன் இல்லாமல் பாங்கொக் போய்வந்தோம். அந்த முறையை அப்படியே எழுதுகிறேன்.

1. முதலில் நாடு, பிறகு டிக்கெட்

விசாக் கட்டணம் இல்லாத நாட்டைத் தெரிவு செய்தாலே இருவருக்கும் ஒரு தொகை மிச்சம். இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூரும் மாலைதீவும் முன்கூட்டிய விசா கேட்பதில்லை. 2024 ஜூலையில் தாய்லாந்தும் நம்மை விசா விலக்குப் பட்டியலில் சேர்த்தது. இந்த விதிகள் மாறக்கூடியவை. அதனால் டிக்கெட்டுக்குக் காசு கட்டும் நாளிலேயே அந்த நாட்டுத் தூதரக இணையத்தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சிங்கப்பூரில் அறை வாடகை அதிகம். திருச்சி நமக்குப் பக்கத்தில்தான், ஆனால் நம்மில் பலருக்கு அங்கே சொந்தபந்தம் உண்டு. வெறுங்கையோடு போக முடியாது, அது வேறு மாதிரியான பயணம். இருவர் மட்டும் நிம்மதியாகச் சுற்றிவரப் பாங்கொக் நல்ல தெரிவு.

2. கொப்பியில் கணக்கு

ஃபோனில் எத்தனையோ செயலிகள் இருக்கின்றன. எனக்கு தடித்த அட்டை போட்ட சீஆர் கொப்பிதான் பிடிக்கும். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதினால்தான் எதை விட்டோம் என்று தெரிகிறது. நான்கு இரவு, ஐந்து நாள் பயணத்துக்கு, இருவருக்கும் சேர்த்து நாங்கள் எழுதிய உச்சவரம்புகள் இவை:

விமான டிக்கெட் 150,000 ரூபாய். வீட்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகவும் வரவும் 25,000. அறைக்கு இரவுக்கு 1,000 பாட் (தாய்லாந்து நாணயம்) வீதம் 4,000 பாட். சாப்பாடு, பஸ், ரயில், படகு எல்லாவற்றுக்கும் நாளொன்றுக்கு 1,500 பாட் வீதம் 7,500 பாட். நுழைவுச்சீட்டுகளுக்கு 2,000 பாட். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொக்லட், அம்மாவுக்கு ஏதாவது ஒன்று என்று 10,000 ரூபாய். இதற்கெல்லாம் மேலே, தொடாமல் வைத்திருக்க 30,000.

நாங்கள் கணக்குப் போட்டபோது பாட் 9 ரூபாய்க்கும் 10 ரூபாய்க்கும் இடையில் ஏறி இறங்கியது. கணக்கை 10 என்றே போடுங்கள். அப்படிப் போட்டால் மேலே உள்ளது மொத்தம் 350,000 ரூபாய். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு, 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர் சில வாரங்களில் 360-ஐத் தாண்டியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்றைய வீதத்தை நம்பி இறுக்கமாகக் கணக்குப் போடுவது நல்லதல்ல.

3. பணம் சேர்க்க சீட்டு

நகையை அடகு வைத்தோ கடன் வாங்கியோ சுற்றுலா போவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். நம்பிக்கையான பத்துப் பேர் சேர்ந்து, ஏலம் இல்லாமல், மாதம் 20,000 கட்டும் சீட்டில் உங்கள் முறை வரும்போது 200,000 மொத்தமாகக் கிடைக்கும். டிக்கெட்டும் வழிச்செலவும் அதில் அடங்கிவிடும். மிச்சத்தைத் தனி வங்கிக் கணக்கில் மாதாமாதம் போட்டு வாருங்கள். கடைசி முறைகளில் ஒன்றைக் கேட்டு வாங்குவது நல்லது. முதலிலேயே எடுத்துவிட்டால், போய்வந்த பிறகும் மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

4. டிக்கெட்

கூகுள் ஃபிளைட்ஸில் எந்தத் திகதி மலிவு என்று பாருங்கள், ஆனால் விமான நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் வாங்குங்கள். திகதியை மாற்ற நேர்ந்தால் நடுவில் இன்னொருவர் இருக்கக் கூடாது. சித்திரைப் புத்தாண்டு, ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளை விட்டுவிட்டால் விலை இறங்கும். ஏப்ரல் நடுப்பகுதியில் தாய்லாந்திலும் சொங்கிரான் புத்தாண்டு என்பதால் அறைகளும் நிரம்பிவிடும்.

மலிவு விமானங்களில் கையில் கொண்டுபோகும் பைக்கு 7 கிலோ மட்டுமே. இருவருக்கும் தனித்தனியாகப் பொதி வாங்காமல், ஒரே ஒரு 20 கிலோ பொதியை, அதுவும் திரும்பும் பயணத்துக்கு மட்டும் வாங்கினால் போதும்.

5. ஓ.டி.பி. என்ற பெரிய தலைவலி

எங்களை அதிகம் அலைக்கழித்தது இந்தக் கட்டம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்லைனில் டிக்கெட்டுக்குப் பணம் கட்டும்போது வங்கி உங்கள் ஃபோனுக்கு ஓர் இரகசிய எண்ணை அனுப்பும், அதுதான் ஓ.டி.பி. சில நிமிடங்களுக்குள் அதை அடிக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. தோட்டத்தில் பல இடங்களில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. இரண்டாவது தடவை உள்ளே போகும்போது விலையும் மாறியிருக்கலாம். அதனால் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்துக்குப் போய் உட்காருங்கள், டவுனில் உள்ள நண்பர் வீடாக இருந்தாலும் சரி.

அதற்கு முன் வங்கியிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா? ஒரு தடவையில் எவ்வளவு வரை கட்டலாம்? வெளிநாட்டு நாணயத்தில் கட்டினால் மேலதிகமாக எத்தனை வீதம் அறவிடுவார்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கொப்பியில் டிக்கெட் விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அட்டைக் கூற்றில் வரும் தொகை, திரையில் பார்த்த டொலரை மத்திய வங்கியின் வீதத்தால் பெருக்கிய தொகையை விடக் கூடுதலாகவே இருக்கும்.

பாங்கொக்கில் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். அங்கே போனதும் எல்லோரும் உள்ளூர் சிம் போடுகிறார்கள். நம் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டால் ஓ.டி.பி. வராது, அட்டையால் ஒன்லைனில் எதுவும் வாங்க முடியாது. புறப்படும் முன் ரோமிங்கை இயக்கிவிடுங்கள், டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்திவிடுங்கள். ஒருவர் ஃபோனில் உள்ளூர் சிம், அட்டைக்காரர் ஃபோனில் இலங்கைச் சிம் என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் ஒரு சிம் செலவுதான்.

6. கைக்காசு

இலங்கை ரூபாயை அங்கே மாற்றப் போகாதீர்கள், நட்டம். கடவுச்சீட்டையும் டிக்கெட்டையும் வங்கிக்குக் கொண்டுபோய் டொலர் வாங்குங்கள். சுத்தமான, மடிப்பில்லாத 100 டொலர் தாள்களாகக் கேளுங்கள், சிறிய தாள்களுக்குப் பாங்கொக்கில் வீதம் குறைவு. விமான நிலையத்தில் பஸ்சுக்கும் முதல் சாப்பாட்டுக்கும் தேவையானதை மட்டும் மாற்றிவிட்டு, மிச்சத்தை நகரத்தில் சுப்பர்ரிச் போன்ற மாற்றுநரிடம் மாற்றலாம்.

ஏ.டி.எம்.மை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அட்டைக்கு அங்குள்ள இயந்திரங்கள் ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல் கழிக்கும், நம் வங்கியின் கட்டணம் வேறு. இயந்திரமோ கடையோ "ரூபாயில் கழிக்கவா, பாட்டில் கழிக்கவா" என்று கேட்டால் பாட் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் மோசமான வீதம் போடுவார்கள்.

ஒருவரிடம் காசு, மற்றவரிடம் அட்டை. அப்புறம் இன்னொன்று: தினச் செலவில் ஆளுக்கு 150 பாட் தனியாக ஒதுக்குங்கள். அதில் என்ன வாங்கினாலும் மற்றவர் ஏன் என்று கேட்கக் கூடாது. எங்களுக்குள் காசுப் பேச்சே வராமல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

7. கட்டுநாயக்க வரை

மலிவு விமானங்கள் பல அகால நேரத்தில் புறப்படும் அல்லது வந்திறங்கும். கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாகக் கொழும்பு பஸ்சில் போனால் செலவு குறைவு. ஆனால் மழைக்காலத்தில் அந்தப் பாதையில் மண் சரிந்தால் பஸ் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. விமானத்துக்கு முந்தைய நாள் காலையிலேயே மலையில் இருந்து இறங்கிவிடுங்கள். வத்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் இருந்தால் தங்குமிடச் செலவு இல்லை. இல்லாவிட்டால் நீர்கொழும்பில் ஓர் அறை. ஹட்டனில் இருந்து வேன் பிடிப்பதை விட இது மலிவு. மேலே சொன்ன 25,000-இல் இந்த அறைக்கும் இடம் இருக்கிறது.

8. அங்கே போனதும்

டொன் முவாங் விமான நிலையத்தில் இருந்து மோ சித் நகர ரயில் நிலையம் வரை ஏ1 பஸ் 30 பாட். சாவோ பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடிப் படகு 16 பாட், ஆற்றங்கரைக் கோயில்களுக்கு அதுவே போதும். அரண்மனைக்கு ஆளுக்கு 500, வாட் போ கோயிலுக்கு 300, வாட் அருண் கோயிலுக்கு 200 பாட். தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம், வீட்டிலிருந்தே கொண்டுபோனால் அங்கே வாங்கத் தேவையில்லை. சிலோம் வீதியில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்குக் கட்டணம் இல்லை, அவசியம் போய்க் கும்பிட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுபவர்கள் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துள்ள சிறு பலகை தொங்கும் கடையைத் தேடுங்கள். மற்றக் கடைகளில் மரக்கறிக்கும் மீன் சாறு ஊற்றுவார்கள்.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டைக்குப் பணம் கட்டிவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். 2025 மே முதல் அது கட்டாயம், ஆனால் முற்றிலும் இலவசம். தரையிறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். தேடும்போது மேலே விளம்பரமாக வரும் தளங்கள் பணம் கேட்டால் உடனே மூடிவிடுங்கள்.

கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகம் வரை போக வேண்டுமா என்று பண்டாரவளையில் இருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். கண்டியிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. போகும் முன் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டங்களில் பதிந்த பழைய பிறப்புகளில் இந்த வித்தியாசம் சாதாரணமாக வரும். திருத்துவதற்கு மாதங்கள் ஆகலாம் என்பதால், சீட்டில் சேருவதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள். டிக்கெட்டிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். நீளமான பெயர் கட்டத்துக்குள் அடங்காவிட்டால், பணம் கட்டுவதற்கு முன் விமான நிறுவனத்தைக் கேட்டு, அவர்கள் தரும் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.