சந்துக்குள்ள போற மர எருது: ஒத்தைச் சக்கர வண்டி நாமளே செய்யுறது எப்படி

எங்க வீடு தண்டையார்பேட்டை பக்கம், ரோட்டுல இருந்து உள்ள உடையுற ஒரு சந்துல. ரெண்டு பேர் எதிரும் புதிருமா வந்தா ஒருத்தர் செவுத்தோட ஒட்டி நிக்கணும், அவ்ளோ தான் அகலம். தண்ணி லாரி சந்து முனையிலயே நின்னுடும், மூணு சக்கர மீன்பாடி வண்டி கூட உள்ள நுழையாது, அதனால எல்லாரும் குடத்தை இடுப்புல வெச்சு தான் தூக்கிட்டு வரணும். எங்க பெரியம்மா அப்படியே தூக்கித் தூக்கி ஒரு பக்கமா சாஞ்சு நடக்க ஆரம்பிச்சுட்டாங்க, அதைப் பாத்துட்டு தான் நான் இந்த வண்டியை செஞ்சேன். ஐடியா என்னோடது இல்ல, 1800 வருஷத்துக்கு முன்னாடி சீனாவுல இருந்த ஒரு ஆளோடது, அதனால முதல்ல அவரைப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா அவர் எதுக்காக செஞ்சாருன்னு தெரிஞ்சா தான் வண்டி ஏன் இப்படி இருக்குதுன்னு புரியும்.

பேரு ஜூகே லியாங், கொங்மிங்னும் கூப்பிடுவாங்க. 181-ல பொறந்து 234-ல செத்தவரு, ஷு ராஜ்ஜியத்துக்கு பிரதம மந்திரி. இன்னிக்கு சிச்சுவான்னு சொல்ற மாகாணம் தான் அவங்க இடம், எதிரி வடக்குல, நடுவுல சின்லிங் மலை. 228-ல இருந்து திரும்பத் திரும்ப அந்த மலையைத் தாண்டி படையைக் கூட்டிட்டுப் போயிருக்காரு, ஆனா சண்டையை விட பெரிய தலைவலி சோறு தான். மலைப் பாதையில ரெண்டு சக்கர மாட்டு வண்டி போகாது, ஆளுங்க முதுகுல தூக்கினா தூக்குறவனே பாதி தானியத்தை சாப்டுடுவான். 231-ல தானியம் தீந்து போயே படையைத் திருப்பிக் கூட்டிட்டு வந்திருக்காரு. அந்த வருஷம் தான் 'மர எருது'ன்னு ஒன்னை எறக்குனாரு, 234-ல 'ஓடுற குதிரை'ன்னு இன்னொன்னு, ரெண்டுமே தானியம் தூக்க தான். இது சென் ஷோவ் எழுதுன மூணு ராஜ்ஜிய வரலாத்துலயே இருக்கு, அதுக்கு 429-ல பெய் சொங்ஜி எழுதுன உரையில அளவு, உறுப்பு எல்லாம் சொல்ற ஒரு குறிப்பும் வருது. சதுர வயிறு, வளைஞ்ச தலை, ஒரு கால், நாலு பாதம், ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு ஆவுற தானியம் ஏத்தலாம், கூட்டமா போனா ஒரு நாளைக்கு 20 லீ தூரம் போகும், அந்தக் காலத்து லீ கணக்குக்கு கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர், ராயபுரத்துல கிளம்புனா திருவொத்தியூர் கோயிலைத் தாண்டிடலாம். அதுக்கு அடுத்த வரி தான் எனக்கு மனசுல நின்னுது, தள்ளுறவன் ரொம்ப களைக்க மாட்டான்னு எழுதியிருக்கு.

அது தானா நடக்குற பொம்மை மாடுன்னு கதை கட்டி விட்டவங்க நிறைய. ஆனா 11-ம் நூற்றாண்டுலயே காவோ செங்னு ஒருத்தர் இது ஒத்தைச் சக்கர வண்டி தான்னு எழுதிட்டாரு, 'ஒரு கால்'னா சக்கரம், 'நாலு பாதம்'னா நிறுத்தி வைக்கிற கட்டைன்னு எடுத்துக்கலாம். இன்னொன்னும் சொல்லணும், ஒத்தைச் சக்கர வண்டியை அவர் முதல் முதலா கண்டுபுடிக்கல, அவருக்கு முன்னாடியே 2-ம் நூற்றாண்டு கல்லறைச் செதுக்கல்ல அந்த மாதிரி வண்டி இருக்கு, அவர் அதை மலைக்கும் படைக்கும் தோதா மாத்தினாருன்னு தான் நான் எடுத்துக்கறேன். அவர் பேர்ல சொல்ற நிறைய விஷயம் இப்படித் தான். தொடர்ந்து அம்பு உடுற வில்லு அவர் பேர்லயே இருக்கு, ஆனா அவருக்கு பல நூறு வருஷம் முன்னாடி கல்லறையிலயே ஒன்னு கெடைச்சிருக்கு. வானத்துல பறக்க உடுற கொங்மிங் விளக்கையும் அவர் பேர்ல தான் சொல்றாங்க, அதை மட்டும் நம்ம ஏரியாவுல யாரும் செஞ்சு பறக்க உடாதீங்க, ஓலைக் கூரை, படகு, வலை, அந்தப் பக்கம் மணலியில எண்ணெய் கம்பெனிங்க, நெருப்போட எங்க போய் எறங்கும்னு யார் கையிலயும் இல்ல.

சரி வண்டிக்கு வரலாம். சித்தாளுங்க சிமெண்ட் தள்ளுற வண்டியில சக்கரம் முன்னாடி இருக்கும், சரக்கு சக்கரத்துக்கும் கைக்கும் நடுவுல ஒக்காரும், 90 கிலோ ஏத்தி அதோட எடை சக்கரத்துல இருந்து மூணுல ஒரு பங்கு தூரத்துல விழுந்தா 30 கிலோ உங்க கையில தான் தொங்கும். சீன வண்டியில சக்கரம் நடுவுல, பெருசா, சரக்கு அதோட ரெண்டு பக்கமும். எடை மொத்தமும் அச்சு மேல நிக்குது, கைக்கு மிச்சம் தள்ளுறதும் சாயாம புடிக்கிறதும் தான். இதை மனசுல வெச்சுக்கிட்டா அளவு கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் வண்டி சரியா வரும்.

சக்கரத்துக்கு காயலான் கடைக்குப் போங்க. 28 இஞ்ச் பழைய பெரிய சைக்கிளோட பின் சக்கரம் கேளுங்க, முன் சக்கரம் வேணாம், ஏன்னா அந்த சைக்கிள்ல முன்னாடி 32 ஸ்போக்ஸ் பின்னாடி 40, வண்டி சாயும்போது பக்கவாட்டு பாரம் எல்லாம் ஸ்போக்ஸ் மேல தான் வரும். மீன்பாடி வண்டிக்கு போடுற தடி ஸ்போக்ஸ் சக்கரம் கெடைச்சா யோசிக்காம வாங்கிடுங்க, அது இன்னும் பலம். சின்ன சக்கரம் வாங்காதீங்க, நம்ம ரோட்டுப் பள்ளத்துல சின்னது மாட்டிக்கும், பெருசு ஏறி எறங்கிடும். ஃப்ரீவீலைக் கழட்டிட்டு, கோணல் இருந்தா சைக்கிள் கடையில குடுத்து கோட்டம் எடுத்துக்கங்க.

மரத்துக்கு புது மரம் வாங்கத் தேவையில்ல, இடிச்ச வீட்டு பழைய மரம் விக்கிற இடத்துல 3க்கு 2 சட்டம் 6 அடி நீளத்துல ரெண்டு எடுங்க, வெடிப்பு இல்லாம, ஆணி ஓட்டை நடுவுல இல்லாம பாத்து எடுங்க. ரெண்டு சட்டத்தையும் 3 இஞ்ச் பக்கம் நிக்கிற மாதிரி வெச்சு, நடுவுல 5 இஞ்ச் இடைவெளி உட்டு, ஒன்னுக்கொன்னு இணையா நிறுத்துங்க. முன்னாடி முனையில ஒரு குறுக்குக் கட்டை, சக்கரத்துக்குப் பின்னாடி ஒன்னு. கைப்பிடிக்கு கடைசியில ஒரு இஞ்ச் ஜிஐ பைப் 2 அடி நீளத்துக்கு குறுக்கா போடுங்க, ரெண்டு முனையிலயும் சைக்கிள் ட்யூப் சுத்துங்க. எங்கயும் ஆணி அடிக்காதீங்க, வண்டி ஆட ஆட ஆணி கழண்டுடும், எல்லாம் போல்ட், ரெண்டு பக்கமும் வாஷர்.

அச்சு எங்க வரணும்னா, முன் முனையில இருந்து ஒன்றரை அடி. அங்க சட்டத்தோட உள்பக்கம் 5 எம்எம் இரும்புப் பட்டை ரெண்டு பக்கமும், 2 இஞ்ச் அகலம், 6 இஞ்ச் நீளம், சட்டத்துக்குக் கீழ ரெண்டு மூணு இஞ்ச் தொங்கட்டும். பட்டையோட அடியில அச்சு ஒக்கார காடி வெட்டணும், கீழ் பக்கம் தொறந்த மாதிரி, அப்போ பஞ்சர் ஆனா நட்டை லூசு பண்ணி வண்டியைத் தூக்கினா சக்கரம் தனியா வந்துடும். இதை வெல்டிங் கடையில குடுத்துடுங்க, ரெண்டு காடியும் ஒரே உயரத்துல இருக்கணும்னு அழுத்தி சொல்லுங்க. மாட்டுனதும் முன் கட்டையோட நடுவுல இருந்து கைப்பிடியோட நடுவுக்கு ஒரு நூல் கட்டிப் பாருங்க, டயர் அந்த நூலுக்கு நேரா இருக்கணும். இல்லன்னா வண்டி எப்பவும் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும், வாஷர் சேத்து சரி பண்ணிடலாம்.

இப்போ தட்டு, இது தான் வண்டியோட உயிர். தட்டை சட்டத்து மேல வைக்காதீங்க, கீழ தொங்க உடுங்க. நான் மொதல்ல மேல தான் வெச்சேன், நாலு கேன் ஏத்தினதும் தலை கனத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாஞ்சு கை மணிக்கட்டு போயிடுச்சு. ஒன்னேகால் இஞ்ச் இரும்பு ஆங்கிள் (L மாதிரி மடங்குன பட்டை) 33 இஞ்ச் நீளத்துல ரெண்டு வெட்டி, சக்கரத்துக்கு முன்னாடி ஒன்னு பின்னாடி ஒன்னு, அச்சுல இருந்து 16 இஞ்ச் தள்ளி, சட்டத்துல இருந்து இரும்புப் பட்டையில தொங்க உடணும், தரையில இருந்து 10 இஞ்ச் உயரம் இருந்தா போதும். தொங்குற பட்டை எவ்ளோ நீளம்னு கணக்குப் போட வேணாம். யார் வண்டி தள்ளப் போறாங்களோ அவங்களையே கைப்பிடியை கையைத் தொங்கப் போட்ட உயரத்துல புடிச்சு நிக்கச் சொல்லுங்க, அப்போ சட்டம் பின்பக்கம் தூக்கிக்கிட்டு இருக்கும், அந்த நிலையிலயே ரசமட்டம் வெச்சு முன்னாடியும் பின்னாடியும் மார்க் பண்ணுங்க, முன்பட்டை குட்டையா பின்பட்டை நீளமா வரும். எங்க வண்டியில பெரியம்மா தான் புடிச்சாங்க. எனக்கு புடிச்சு அளவெடுத்திருந்தா அவங்க தள்ளும்போது குடமெல்லாம் சரிஞ்சிருக்கும்.

அந்த ஆங்கிள் மேல ரெண்டு பக்கமும் 1 அடி அகலம் 3 அடி நீளம் பலகை, போல்ட் போட்டு முறுக்குங்க. வெளி ஓரத்துல 2 இஞ்ச் உயரத்துக்கு ஒரு ரீப்பர். சக்கரத்துப் பக்கம் ரெண்டு பக்கமும் ப்ளைவுட் பலகை வெச்சு மூடிடுங்க, இதை மட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு உடாதீங்க, பொம்பளைங்க தள்ளுற வண்டி, புடவை முந்தானை ஸ்போக்ஸ்ல போனா ஆளையே இழுத்துடும். மூடினதும் சதுரமா ஒரு பொட்டி மாதிரி ஆயிடும், அந்தக் குறிப்புல சதுர வயிறுன்னு இருக்கே, எனக்கு அப்போ தான் அது கண்ணுக்குத் தெரிஞ்சுது.

காலு. பின்னாடி தட்டு முடியிற இடத்துல ரெண்டு கால், கீழ அகலமா 2 அடிக்கு விரிஞ்ச மாதிரி, கைப்பிடியை 5 இஞ்ச் எறக்குனா கால் தரையில படணும். அடியில டயர் துண்டு வெச்சு அடிங்க. நான் இதோட நிறுத்திட்டேன், குறிப்புல நாலு பாதம்னு இருந்தும் ரெண்டு போதும்னு நெனச்சேன். மொத நாள் தண்ணி புடிச்சு வீட்டு வாசல்ல நிறுத்திட்டு, கைக்கு கிட்ட இருந்த பின் கேனுங்களை மொதல்ல எறக்கினாங்க, முன்னாடி இருந்த கேனுங்களோட எடையில வண்டி மூக்கு குத்தி மொத்த தண்ணியும் சாக்கடைக்குப் போச்சு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ வர்ற தண்ணி. அன்னிக்கு ராத்திரி தான் அந்த நாலு பாதத்தை திரும்பப் படிச்சேன், மலைச் சரிவுல மூட்டை எறக்குற ஆளுக்கு முன்னாடியும் கால் வேணும்னு அவருக்கு தெரிஞ்சிருக்குன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். மறுநாளே முன்னாடி ரெண்டு குட்டைக் கால் வெச்சேன், வண்டி ஓடும்போது தரையில இருந்து 5 இஞ்ச் மேல நிக்கும், மூக்கு எறங்கினா மட்டும் ஊனிக்கும். நீங்க மொதல்லயே நாலும் வெச்சுடுங்க.

ஏத்துறது இப்படி. வலது ஒன்னு இடது ஒன்னு, மாத்தி மாத்தி, ஒரே பக்கம் ரெண்டு வைக்கக் கூடாது. கேன்னா 20 லிட்டர் நாலு, 15 லிட்டர் குடம்னா ஆறு, அதுக்கு மேல அந்த சைக்கிள் சக்கரத்துல ஏத்தாதீங்க. ஏத்தி முடிச்சு கைப்பிடியைத் தூக்கிப் பாருங்க, ரெண்டு கிலோ அரிசிப் பை தூக்குற மாதிரி இருந்தா சரி. கைப்பிடி தானா மேல தூக்கிச்சுன்னா எடை முன்னாடி இருக்கு, கை வலிக்கிற அளவுக்கு கனத்தா பின்னாடி இருக்கு, ஒரு சாண் நகத்தினா போதும். குடத்துக்கு மூடி இல்லன்னா பாலிதீன் கவர் போட்டு ரப்பர் பேண்ட் போடுங்க. பழைய ஸ்கூல் பை பட்டை இருந்தா கைப்பிடியோட ரெண்டு முனையிலயும் கட்டி தோள்ல மாட்டிக்கலாம், சீனாவுலயும் அப்படி பட்டை மாட்டி தள்ளுவாங்க, கை வழுக்கினாலும் வண்டி கீழ போகாது. மொத ரெண்டு மூணு தடவ காலிக் கேன்ல தண்ணி பாதி ஊத்தி தள்ளிப் பழகுங்க, மெதுவா போனா தான் ஆடும், நடக்கிற வேகத்துக்கு வந்ததும் நேரா ஓடும். திரும்பும்போது உடம்போட சேத்து திரும்புங்க, கையை மட்டும் திருப்பாதீங்க.

கடல் காத்துல இரும்பு சீக்கிரம் போயிடும், அதனால வெல்டிங் முடிஞ்ச அன்னிக்கே ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு, மரத்துக்கு படகுக்கு அடிக்கிற பெயிண்ட் மிச்சம் இருந்தா காசிமேட்டுல யாரையாவது கேட்டு வாங்கி அடிங்க, அதை விட நல்ல பெயிண்ட் இதுக்கு இல்ல. மாசத்துக்கு ஒரு தடவ ஹப்பைக் கழட்டி குண்டு எல்லாம் தொடச்சு கிரீஸ் வைங்க. டயர்ல காத்து கல்லு மாதிரி இருக்கணும், கொஞ்சம் கம்மியா இருந்தா தள்ளுறவங்களுக்குத் தான் பாரம். லாரி வர்ற நாளுக்கு முந்தின சாயங்காலமே அழுத்திப் பாத்துடுங்க, காலையில கியூவுல நின்னுக்கிட்டு பம்ப் தேட முடியாது.