சர்வீஸ்ல இருந்து வந்த வண்டி புதுசா மக்கர் பண்ணுதா? சாவிய திரும்ப குடுக்கறதுக்கு முன்னாடி இத பாருங்க

நம்மள்ல முக்கால்வாசி பேர் பண்ற தப்பு என்னன்னா, சர்வீஸ் முடிஞ்சு வண்டி வீட்டுக்கு வந்த ரெண்டாவது நாளே ஏதோ சத்தம் வருது, ஆயில் சொட்டுதுன்னு தெரிஞ்ச உடனே கோவத்துல நேரா அதே இடத்துக்கு ஓட்டிட்டு போய் சாவிய கைல குடுத்துடறோம். அவங்க லிஃப்ட்ல ஏத்தி கமுக்கமா சரி பண்ணிட்டு "இது முன்னாடியே இருந்துச்சு சார்"னு சொல்லிடுவாங்க. நானும் ஒரு தடவ இப்படித்தான் ஏமாந்தேன். பழைய ஆயில் ஃபில்டரோட ரப்பர் ரிங் இன்ஜின்லயே ஒட்டிட்டு இருந்துருக்கு, அத எடுக்காம அதுக்கு மேலயே புது ஃபில்டர மாட்டிட்டாங்க, ஒரே நாள்ல ஆயில் பூரா கீழ கொட்டிருச்சு, நான் ஒரு போட்டோ கூட எடுக்கல. கேட்டா "கீழ எதுலயோ இடிச்சிருப்பீங்க"ன்னாங்க.

அதனால முதல் வேலை, வண்டிய நிறுத்துங்க. சிவப்பு கலர்ல ஆயில் லைட் எரிஞ்சா "பக்கத்துலதான வீடு"ன்னு ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீங்க, ஓரம் கட்டி உடனே இன்ஜின ஆஃப் பண்ணிடுங்க. ஆயில் பிரஷர் இல்லாம ஓடுனா உள்ள இருக்க பேரிங் எல்லாம் கொஞ்ச நேரத்துலயே தேஞ்சு போயிடும், அதவிட முக்கியம், லைட் எரிஞ்சும் ஓட்டுனீங்கன்னா பழி அப்படியே உங்க பக்கம் திரும்பிடும். டெம்பரேச்சர் முள்ளு ஏறுனாலும் இதேதான், ஆனா சூடா இருக்கப்ப ரேடியேட்டர் மூடிய மட்டும் திறந்துடாதீங்க.

அடுத்து போட்டோ, வீடியோ. எதையும் துடைக்காம, ஆயில் ஊத்தி டாப் அப் பண்ணாம, இருக்கறத இருக்கற மாதிரியே எடுங்க. ஓடோமீட்டர் ரீடிங், எரியற வார்னிங் லைட், வண்டிக்கு அடியில இருக்க கறை, வெள்ளத்துணில துடைச்சு மறுபடி விட்டு எடுத்த டிப்ஸ்டிக் (இன்ஜின்ல ஆயில் அளவு பாக்கற கம்பி), எல்லாம் வேணும். டேஷ்கேம் (கண்ணாடிகிட்ட மாட்டற கேமரா) இருந்தா மெமரி கார்ட கழட்டி வச்சிடுங்க, இல்லன்னா அது பாட்டுக்கு பழசு மேல புதுச எழுதிட்டு போயிடும்.

இப்ப நிஜமாவே அவங்க வேலைதானான்னு பாக்கணும். ஜாப் கார்ட (என்னென்ன வேலைன்னு சர்வீஸ் சென்டர் எழுதி குடுக்கற பேப்பர்) எடுத்து எந்தெந்த இடத்துல கை வச்சிருக்காங்கன்னு படிங்க. ஆயில் மாத்துன மறுநாள் பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் போச்சுன்னா அது தற்செயலாவும் இருக்கலாம், அதுக்கெல்லாம் சண்டைக்கு போனா நம்ம பேச்சுக்கு மதிப்பு இருக்காது. ஆனா கை வச்ச இடத்துலயே பிரச்சனைன்னா விடாதீங்க. ஆயில் சொட்டுதுன்னா பெரும்பாலும் ஃபில்டர், இல்ல பழைய ஆயில வடிக்க அடியில இருக்க ட்ரெய்ன் போல்ட்தான், போல்ட்டுன்னா பழைய வாஷரயே போட்டிருப்பாங்க, இல்ல கோணலா ஏத்தி மரைய கெடுத்திருப்பாங்க. அந்த போல்ட் ஏற்ற ஆயில் சம்ப் (இன்ஜினுக்கு அடியில ஆயில் நிக்கற தொட்டி) அலுமினியமா இருந்தா மரை ரொம்ப சீக்கிரம் போயிடும். டிப்ஸ்டிக்ல மேல் கோட்ட தாண்டி நிறைய ஆயில் இருந்தாலும் ஆபத்துதான், இன்ஜினுக்குள்ள சுத்தற கிராங்க் ஷாஃப்ட் அதுல அடிச்சு நுரையாக்கிடும், நுரை ஆயில் பிரஷர் குடுக்காது. சமமான தரைல நிறுத்தி, இன்ஜின் ஆஃப் பண்ணி 10 நிமிஷம் கழிச்சு பாருங்க. சில ஆட்டோமேட்டிக் வண்டில இன்ஜின் ஆயிலுக்கு பதிலா கியர் ஆயில வடிச்சிட்டு, ஏற்கனவே ஆயில் இருக்க இன்ஜின்ல மறுபடியும் ஊத்தி வச்ச கதையெல்லாம் நடந்திருக்கு, அதனால டிப்ஸ்டிக் அளவு ரொம்ப ஏறி, கியரும் சரியா விழலன்னா இதையும் யோசிங்க.

சக்கரம் கழட்டி மாட்டிருந்தா வீல் நட்ட பாருங்க. இம்பாக்ட் கன்ல கண்ணாபின்னான்னு முறுக்குனா நட் ஏற்ற ஸ்டட் நீண்டு உடையும், லூசா விட்டா ஓட்டும்போது நடுக்கம் வரும். நடுக்கமோ டக் டக் சத்தமோ வந்தா வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க. பிக்கப் கம்மியாயி செக் இன்ஜின் லைட் எரிஞ்சா ஏர் ஃபில்டர் பாக்ஸ் கிளிப் மாட்டிருக்கான்னு பாருங்க, சென்சார் வயர செருகாம விட்டிருப்பாங்க, இல்ல இன்ஜின தண்ணி அடிச்சு கழுவிருப்பாங்க. பிரேக் ஆயில் டப்பால வேற ஆயில் ஊத்திட்டாங்கன்னு சந்தேகம் வந்தா இது விளையாட்டு இல்ல, இன்ஜின் ஆயில் மாதிரி மினரல் ஆயில் பட்டா உள்ள இருக்க ரப்பர் சீல் எல்லாம் உப்பிடும், டோவிங் வண்டிதான் கூப்பிடணும். கீழ ஓரத்துல தகடு நசுங்கியிருந்தா ஜாக்கிய தப்பான இடத்துல குடுத்திருக்கலாம்.

அப்புறம் வேற ஒரு மெக்கானிக்க கூப்பிட்டு பாக்க சொல்லுங்க, சரி பண்ண வேணாம், பாத்தத எழுதி கையெழுத்து போட்டு குடுத்தா போதும். இத வாங்குனதுக்கு அப்புறம்தான் சர்வீஸ் சென்டருக்கு எழுதணும். போன்ல கத்துறதுல பிரயோஜனம் இல்ல, ஈமெயில் போடுங்க: எந்த தேதில சர்வீஸ், அப்ப எத்தன கிலோமீட்டர், இப்ப எத்தன, என்ன ஆச்சு, உங்களுக்கு என்ன வேணும், எந்த தேதிக்குள்ள பதில் வேணும். திட்டாதீங்க, படிக்கறவன் மேனேஜருக்கு அனுப்பற மாதிரி இருக்கணும்.

அவங்களே சரி பண்றேன்னு வந்தா நீங்க பக்கத்துல நிக்கறப்பதான் பிரிக்கணும்னு சொல்லுங்க, கழட்டுன பார்ட்ஸ கைல வாங்கிக்கோங்க. ஆயில் இல்லாம இன்ஜின் ஓடியிருந்தா "ஊத்திட்டோம் சார், இப்ப ஓகே"ன்னு சொல்றத ஏத்துக்காதீங்க, ஃபில்டர அறுத்து உள்ள உலோகத்தூள் மினுக்குதான்னு பாக்க சொல்லுங்க, பிரஷர் அளக்கற கேஜ் மாட்டி ஆயில் பிரஷர் டெஸ்ட் எடுக்க சொல்லுங்க, ரிசல்ட்ட ஜாப் கார்டுல எழுதி வாங்குங்க. "முழு திருப்தி, இனி எந்த கோரிக்கையும் இல்ல"ன்னு ஏதாவது பேப்பர் நீட்டுனா, கொஞ்ச நாள் ஓட்டி பாக்காம கையெழுத்து போடாதீங்க. பதிலே வரலன்னா அதே ஈமெயில கார் கம்பெனியோட கஸ்டமர் கேருக்கு, அதுக்கு மேல நுகர்வோர் புகாருக்குன்னு போக வேண்டியதுதான், அங்க போறப்ப இந்த போட்டோவும் பேப்பரும்தான் உங்களுக்காக பேசும்.

அடுத்த தடவ வண்டிய எடுக்கறப்ப அங்கயே அஞ்சு நிமிஷம் இன்ஜின ஓட விட்டு, ஆஃப் பண்ணி குனிஞ்சு அடிய பாருங்க, டிப்ஸ்டிக்க இழுத்து பாருங்க, வீல் நட்ட டார்க் ரெஞ்ச் (சரியான அளவுக்கு மட்டும் முறுக்கற ஸ்பேனர்) வச்சு முறுக்குனீங்களான்னு கேளுங்க. வண்டிய வாங்கி வைக்கற சர்வீஸ் அட்வைசர் மொறைப்பாரு, மொறைச்சா மொறைக்கட்டும்.