கட்டுபவனும் கிணற்றுக்காரியும்: யாழ்ப்பாணத்து அமானுஷ்யக் காதல் கதை எழுதும் முறை

மந்திரவாதியின் தொழில் பேயைக் கட்டுவதும் செய்வினையைக் கழிப்பதும். அவன் விரும்புவதோ, கட்டிப்போட வேண்டியவள் என்று ஊர் நினைக்கும் ஒருத்தியை. கதையை இந்த முரணில் நிறுத்துங்கள். வெள்ளைச் சேலை, மல்லிகை வாசம், நாய் ஊளை என்று தொடங்கினால் மூன்றாம் பக்கத்திலேயே வாசகர் முடிவைச் சொல்லிவிடுவார்.

இதற்கு நம் மரபில் வேர் உண்டு. சங்க அகப்பாடல்களில் வரும் வெறியாட்டை நினைத்துப் பாருங்கள். காதலால் மெலிந்த மகளை முருகு அணங்கியது என்று எண்ணித் தாய் வேலனை அழைப்பாள். அவன் மறி அறுத்து, ஆடி, தவறான காரணத்தைச் சொல்வான். உண்மை தோழிக்குத் தெரியும். உங்கள் கதையில் வேலனே நோயாளி. அணங்கும் மெய்யாகவே அணங்கு. தோழியை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். எல்லாம் அறிந்தும் வாய் திறக்காத ஒரு மச்சாள் வீட்டில் இருக்கட்டும். பின்னால் ஊருக்கு விஷயம் தெரியவரும்போது, அது அவள் வழியாகவே வரவேண்டும்.

அடுத்து, அவள் யார் என்பது. முனியப்பர், நாச்சிமார் என்ற ஊர்த் தெய்வங்களுக்கு இன்றும் விளக்கு வைத்துக் கும்பிடுகிறார்கள். அவர்களைக் காதலியாக்குவது வேண்டாத வேலை. கொத்தி என்று ஊர் சொல்லும் பெண்பேய், பிள்ளைப்பேற்றோடு சேர்ந்த அச்சம். அவளை எடுத்தால் கதை வேறு பக்கம் போய்விடும். கேரளத்து யட்சியையும் மேற்கத்திய இரத்தக்காட்டேரியையும் பனங்கூடலுக்குள் இறக்கினால், ஓலைச் சத்தத்துக்குள் அந்நியர்களாக நிற்பார்கள். யாழ்ப்பாணத்துக்கே உரியது கிணறு. வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லாத மண் இது. குடிப்பு, குளிப்பு, தோட்டம் எல்லாம் கிணற்றை நம்பித்தான். ஆகவே அவளைக் கிணற்றில் வையுங்கள்.

அவளுக்கான விதியை நிலமே தருகிறது. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீர், ஆழத்தில் உவர். குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் மழைநீர், கனத்த உவர்நீரின் மேல் மிதந்துதான் கிடக்கிறது. பம்பு போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் மேலே இருக்கும் நன்னீர்ப் படை மெலியும், கீழே இருக்கும் உவர் ஏறும். அவள் உவரில் வாழ்பவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அவளைக் காண அவனுக்கு மந்திரம் தேவையில்லை, பம்பைப் போட்டால் போதும். ஒவ்வொரு சந்திப்புக்கும் கிணறு கொஞ்சம் உவர்க்கும். அந்தக் கிணறு பங்குக் கிணறாக இருக்கட்டும். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கு, வழி, வாய்க்கால் என்று எழுதியிருக்கும்; மூன்று குடும்பம் முறை வைத்து இறைக்கும். அவனுடைய முறை மூன்றாம் நாள்தான் வரும். மற்ற இரு நாளும் ஏக்கம். பொறுக்காமல் அடுத்தவர் முறையில் களவாக இறைக்கும் இரவில், காதல் குற்றமாகிறது. பக்கத்துச் சின்ன வெங்காயத்தின் தாள் நுனி கருகத் தொடங்குகிறது. இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் சப்பென்று போவதற்குக் காரணம், காதலுக்கு யாரும் விலை கொடுக்காததுதான். இங்கே விலையைக் கொடுப்பவர் அடுத்த வீட்டுத் தோட்டக்காரர்.

காலமும் தானாக அமைந்துவிடும். சித்திரை வெயிலில் அவள் முதல் தலை காட்டுவாள். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் பனையோலை அடிபடும் மாதங்களில் நெருக்கம் கூடும். ஐப்பசியில் மாரி தொடங்கி கிணறு நிறைய, கீழே போய்விடுவாள். நடுவே ஆடி அமாவாசை வரும். தகப்பன் இல்லாதவன் என்றால் அன்று கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்வான். வீட்டில் மரக்கறிச் சமையல், காத்தோட்டிக்காயும் உண்டு. முன்னோர் வரும் அந்த நாளில் அவள் வளவுக்குள் வரலாமா என்ற கேள்வியே கதையின் நடுக்கட்டு.

வளவு காவலை, அதாவது வீட்டுக் காணிக்குள் பேய் வராமல் செய்யும் காப்பை, பிழையில்லாமல் எழுதுங்கள். செப்புத் தகட்டில் சக்கரம் கீறி, மந்திரம் உருவேற்றி, வளவின் நாலு மூலையிலும் மண்ணுக்குள் தாழ்ப்பார்கள். தன் தகப்பன் தாழ்த்த நாலில் ஒன்றை அவன் கிளப்பினால்தான் அவள் கிணற்றடியிலிருந்து வீட்டு வாசலுக்கு வரமுடியும். ஆனால் திறந்த மூலையால் அவள் மட்டுமா வருவாள்? 15,000 சொல் குறுநாவலென்றால் முதற் சந்திப்பை 1,500 சொல்லுக்குள் முடியுங்கள். தகடு கிளப்புவதைப் 10,000க்கு முன்னால் கொண்டுவராதீர்கள். கழிப்புக்குத் தேசிக்காய், நீற்றுப்பூசணிக்காய், வேப்பிலை, கற்பூரம் போதும். மந்திரத்தை முழுதாக எழுதவேண்டாம். உதடு அசைவதும் மூச்சு மாறுவதும் தெரிந்தாலே வாசகர் நம்புவார்.

பகலில் அவன் சீசீடிவி கமரா பூட்டுபவனாக இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்வினை பார்க்கக் கேட்பார்கள். ரொறன்ரோவில் கோடை இரவு 9 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 6.30. நேரத்தைப் பிழைவிட்டால் அங்கே இருக்கும் வாசகர் உடனே பிடிப்பார்.

வசியம் கதையில் கட்டாயம் வரட்டும். ஆனால் அவன் அவள்மீது அதைப் போடக்கூடாது. போட்டால் அது காதலில்லை, கட்டு. வேறு யாருக்கோ காசுக்கு வசியம் செய்து கொடுத்தவன், தனக்கென்று வரும்போது கை நீட்டாமல் இருக்கும் அந்தத் தயக்கத்துக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள். அவளும் அவனை மயக்கியிருந்தால், அதைப் பாதிக் கதைக்குள் அவனுக்குத் தெரியவையுங்கள். கடைசியில் சொன்னால் வாசகர் ஏமாந்ததாக உணர்வார்.

போர் பற்றி ஒரு வார்த்தை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று சாத்திரம் கேட்கும் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். அப்படியொரு அம்மா அவனிடமும் வருவா. அவன் பொய் சொல்லக்கூடாது, காசும் வாங்கக்கூடாது. காதலியைப் போரில் இறந்தவளாக ஆக்காதீர்கள். மனிதப் புதைகுழிகள் கண்டெடுக்கப்பட்ட செம்மணியைக் காதற் காட்சிக்குக் களமாக எடுக்காதீர்கள். அந்தத் துயரம் இன்னும் முடியவில்லை. கிணற்றுக்காரி போருக்கு மிக முந்தியவளாக இருக்கட்டும்.

பேச்சில் நெருக்கத்தைக் காட்ட விளிப்பே போதும். முதலில் இருவரும் "நீங்கள்". தகடு கிளப்பிய இரவிலிருந்து "நீர்".

"இந்தத் தண்ணி உமக்குக் கைக்கும்."

"நீர் குடிக்கிறதைத்தானே நானும் குடிக்கிறன்."

இதற்கு மேல் காதல் வசனம் வேண்டாம். வாடிக்கையாளர் அவனை "ஐயா" என்பார்கள், தாய் "தம்பி" என்பா.

முடிவில் அவளை மனுசியாக்காதீர்கள். வேறு மந்திரவாதியைக் கொண்டுவந்து ஆணி அடித்து மரத்தில் கட்டவும் வேண்டாம். மாரி வருவது உறுதி, அவள் போவதும் உறுதி. அடுத்த சித்திரையில் அவன் பம்பைப் போடுவானா, கருகிய வெங்காயத்துக்கு நட்டஈடு கொடுத்துத் தன் கிணற்றுப் பங்கை எழுதிக்கொடுத்துவிடுவானா என்பதை முதல் வரி எழுதுமுன்பே தீர்மானியுங்கள். எழுதி முடித்ததும் தோட்டம் செய்யும் ஒருவரிடம் இறைப்புப் பகுதிகளையும், கழிப்புப் பார்த்துப் பழகிய முதியவர் ஒருவரிடம் சடங்குப் பகுதிகளையும் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்துவது பெரும்பாலும் சடங்கின் ஒழுங்கும் பாவிக்கும் சொற்களுமாக இருக்கும். அவற்றைச் சொன்னபடியே மாற்றிவிடுங்கள்.